உடன்பிறந்தாள் உரிமை: கணுப் பொங்கல் முதல் தாய்மாமன் சீர் வரை



ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் முழுநிலவு நாளில், கோலாலம்பூரில் வாழும் வட இந்திய இந்துக் குடும்பங்களில் பெண்கள் தம் உடன்பிறந்தானின் வலக்கையில் வண்ணக் கயிறு ஒன்றைக் கட்டுகின்றனர். நெற்றியில் திலகமிட்டு இனிப்பு ஊட்டுகின்றனர். அவன் பணமோ பொருளோ அளித்து, அவளைக் காப்பதாக உறுதி கூறுகிறான். இரக்ஷா பந்தன் எனப்படும் இவ்விழாவைத் திரையில் கண்ட நம் மாணவர்கள், “தமிழருக்கு இப்படி ஒரு விழா இல்லையா?” என்று வகுப்பறையில் கேட்பது இயல்பே. இல்லை என்பது அவசர விடை. கணுப் பொங்கல் உண்டு என்று கூறி முடித்துவிடுவது பாதி விடை. தமிழரிடையே உடன்பிறப்புப் பிணைப்பு ஒரே நாளில் அடங்கியதில்லை. ஆண்டின் விழாக்களிலும் வாழ்வின் சடங்குகளிலும் அது பரவிக் கிடந்தது. அவற்றின் அடியில் இருந்தது, மணமாகிச் சென்ற பெண்ணுக்குப் பிறந்தகத்தில் உள்ள உரிமை. அவ்வுரிமை கடல் கடந்து மலாயாவுக்கு வந்தபோது எப்பகுதி உதிர்ந்தது, எப்பகுதி நிலைத்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் இரக்ஷா பந்தனின் வரலாற்றைச் சிறிது காண்போம். ‘இரக்ஷா’ என்பதற்குத் தமிழில் ‘காப்பு’ என்று பொருள். மாரியம்மன் விழாக்களில் நாம் காப்புக் கட்டுகிறோம் அல்லவா? அதே கருத்துத்தான். பழைய வழக்கில் அரசர்க்கும் புரவலர்க்கும் புரோகிதர் காப்புக் கட்டியதும் உண்டு. தங்கை அண்ணனுக்குக் கட்டுவதே வட இந்தியாவில் முதன்மை பெற்று நிலைத்தது. சித்தூர் அரசி கர்ணாவதி முகலாய மன்னர் உமாயூனுக்குக் கயிறு அனுப்பி உதவி கேட்டதாகக் கூறப்படும் கதை புகழ் பெற்றது. குசராத்து சுல்தான் பகதூர் சா 1535இல் சித்தூரைக் கைப்பற்றியது வரலாறு. ஆனால் கயிறு அனுப்பிய செய்தி அக்கால முகலாய வரலாற்று நூல்களில் காணப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இராசபுத்திர மரபுகளைத் தொகுத்து எழுதிய ஜேம்ஸ் டாட் என்னும் ஆங்கில அதிகாரியின் நூல் வழியாகவே அது பெரிதும் பரவியது. இதற்கு மாறாக, ஐயத்துக்கு இடமில்லாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1905 அக்டோபர் 16 அன்று வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, இரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்று இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவர் கையில் ஒருவர் இக்கயிற்றைக் கட்டினர். இரத்த உறவைக் குறித்த சடங்கு, உறவில்லாதாரையும் உடன்பிறந்தாராக்கப் பயன்பட்டது. மலாயாத் தமிழர் கதையிலும் இக்கருத்தை மீண்டும் சந்திப்போம்.

இனித் தமிழகத்துக்கு வருவோம். தைப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் பெண்கள் முற்றத்திலோ ஆற்றங்கரையிலோ மஞ்சள் இலையை விரித்து, மஞ்சள் சோறு, குங்குமம் கலந்த சிவப்புச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் ஆகியவற்றைச் சிறு பிடிகளாக வைப்பர். காக்கையும் குருவியும் அவற்றை உண்ணும். கூட்டமாக வாழும் பறவைகளைப் போல உடன்பிறந்தார் குடும்பமும் பிரியாமல் தழைக்க வேண்டும் என்பது வேண்டுதல். இதுவே கணுப்பிடி. சில சமூகங்களில் இது மிகுந்த கவனத்துடன் செய்யப்படுகிறது. பிடி வைக்காத குடும்பங்களிலும் பொங்கல் சீர் உண்டு. பொங்கலுக்கு முன்னரே பிறந்தகத்திலிருந்து அண்ணனோ தம்பியோ புத்தரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், தேங்காய், புத்தாடை ஆகியவற்றைச் சுமந்து உடன்பிறந்தாளின் வீட்டுக்குச் செல்வான்.

தெய்வங்களும் இம்முறையிலிருந்து விலகவில்லை. தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள்கிறாள். திருவரங்கத்து அரங்கநாதர் அவளுக்கு அண்ணன் முறை. அவர் கோயிலிலிருந்து பட்டும் மாலையும் மஞ்சளும் குங்குமமும் கனிகளும் சீராக வந்து சேர்கின்றன. மதுரையில், தங்கை மீனாட்சியின் திருமணத்துக்குப் புறப்பட்ட அழகர் காலம் தாழ்ந்து வந்து வைகையோடு திரும்பினார் என்று மக்கள் கூறுவதும் இம்மரபே. மலேசிய மாணவர்களுக்குத் தைப்பூசம் என்றால் பத்துமலையும் காவடியும் முருகனும் நினைவுக்கு வருவர். 1892 முதல் அங்கு இவ்விழா நடைபெறுகிறது. ஆயினும் முருகனின் வெள்ளித் தேர் புறப்படும் இடத்தை எண்ணிப் பாருங்கள். 1873இல் தோன்றிய, துன் எச். எஸ். லீ சாலையில் உள்ள மகா மாரியம்மன் கோயில் அது. திருச்சிப் பகுதியில் அண்ணன் தங்கைக்குச் சீர் அனுப்பும் அதே பூச நாளுக்காக, கோலாலம்பூரில் அன்னையின் வீட்டிலிருந்து மகன் தேரேறுகிறான். அம்மகனை நம் முன்னோர் ‘மால்மருகன்’ என்றே அழைத்தனர். திருமாலின் மருமகன் என்பது பொருள். உடன்பிறந்தாளின் பிள்ளைக்கு மாமனால் வரும் பெருமை அப்பெயரிலேயே இருக்கிறது.

சீர் வெறும் அன்பளிப்பா? நம் மொழியே விடை கூறுகிறது. ‘சீர்’, ‘வரிசை’, ‘முறை’ ஆகிய சொற்களில் ஒன்றேனும் கொடை என்ற பொருளில் தொடங்கவில்லை. மூன்றும் ஒழுங்கைக் குறிப்பவை. ‘முறை’ என்பது உறவையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும். நில உடைமைக் குடும்பங்களில் சொத்து மகன்களுக்கே சென்ற காலத்தில், மகள் பிறந்தகத்துக்கு அயலாள் ஆகிவிடவில்லை என்று ஆண்டுதோறும் ஊரறிய ஒப்புக்கொள்ளும் செயலாகச் சீர் இருந்தது. தலையில் சுமந்த வாழைத்தார் அவள் புக்ககத் தெருவில் நுழையும்போது, கேட்பாரற்றவள் அல்லள் இவள் என்பதை அத்தெரு அறிந்தது. சீர் வராத ஆண்டு அவளுக்குத் தலைகுனிவு. நல்லதங்காள் கதை தமிழகமெங்கும் அழுகையோடு கேட்கப்பட்டதற்குக் காரணமும் இதுவே. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு நாடி வந்தவளை அண்ணி புறக்கணிக்க, பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் மாய்ந்தாள் என்பது கதை. பிறந்தகக் கதவு மூடப்பட்டால் பெண்ணுக்கு வேறு கதவில்லை என்ற அச்சமே அக்கதையின் உயிர்.

சட்டம் இவ்வுரிமையை ஏற்கக் காலம் பிடித்தது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குப் பங்கு அளித்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. அப்போது மணமாகியிருந்த மகள்கள் அதில் சேர்க்கப்படவில்லை. இந்தியா முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. அதுவரை பல பெண்களுக்குக் கிடைத்த கண்கூடான பங்கு சீர் ஒன்றே.

இத்தகைய முறை கடல் கடந்தால் என்னவாகும்? அண்ணன் நடந்தோ வண்டி கட்டியோ சென்றடையும் தொலைவில் தங்கை இருக்க வேண்டும் என்பது சீரின் எழுதப்படாத நிபந்தனை. கங்காணிகள் வழியாக மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களில் ஆண்களே மிகுதி. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. அண்ணன் கிள்ளான் தோட்டத்தில், தங்கை தஞ்சைக் கிராமத்தில் என்று குடும்பங்கள் பிரிந்தன. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்காம் துறைமுகத்துக்கும் வந்த ‘இரஜுலா’ போன்ற கப்பல்களே இரு கரைகளையும் இணைத்தன. ஊர் திரும்புவோரிடம் கொடுத்தனுப்பிய துணியும் அஞ்சல் வழி அனுப்பிய பணமும் சீரின் இடத்தைப் பிடித்தன. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்தது. 1941 டிசம்பரில் தொடங்கிய சப்பானியப் படையெடுப்பு அஞ்சலையும் கப்பலையும் துண்டித்தது. போருக்குப் பின் 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் வருகையை மேலும் சுருக்கியது. ஆண்டுதோறும் வர வேண்டிய சீர், ஆண்டுக் கணக்கில் வராமற்போயிற்று.

மறுபுறம், குடும்பமாக வந்தவர்களின் அடுத்த தலைமுறையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ஒரே தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ அண்ணனும் தங்கையும் வாழ்ந்தனர். நாள்தோறும் பார்க்கும் தங்கைக்கு ஆண்டுக்கொரு பயணம் தேவைப்படவில்லை. சுமந்து செல்ல அண்ணனுக்குச் சொந்த வயலும் இல்லை. நெல்லும் கரும்பும் மஞ்சளும் அவன் விளைச்சல் அல்ல. இன்று மலேசியாவில் பொங்கலின் இறுதி நாளைப் பலர் ‘கன்னிப் பொங்கல்’ என்கின்றனர்; மணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டி வழிபடும் நாளாக அது விளக்கப்படுகிறது. அண்ணன் நலம் வேண்டிய நாள், வரப்போகும் கணவனை வேண்டும் நாளாயிற்று. இந்த இடமாற்றத்தில் புலம்பெயர்வின் தடம் தெரிகிறது என்பது என் கருத்து.

ஆனால் பிணைப்பு அறுந்துவிடவில்லை. நாட்காட்டியிலிருந்து நகர்ந்து வாழ்க்கைச் சடங்குகளில் அது நிலைகொண்டது. குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும். பெண் பூப்பெய்தினால் பச்சை ஓலைக் குடிசை கட்டவும் சீர்த்தட்டு ஏந்தி வரவும் அவனே வேண்டும். திருமணத்தில் மணமகன் முதல் முடிச்சைப் போட்டபின், எஞ்சிய முடிச்சுகளைப் போடுபவள் அவன் உடன்பிறந்தாளாகிய நாத்தனார். இதைச் சற்று நின்று நோக்குங்கள். வடக்கே உடன்பிறந்தாள் அண்ணன் கையில் கயிறு கட்டுகிறாள். தமிழ்ப் பெண்ணோ அண்ணன் மனைவியின் கழுத்தில் முடிச்சிடுகிறாள். பிறந்தகத்துக்குள் புதிதாக வரும் பெண்ணை அவள் தன் கையாலேயே ஏற்றுக்கொள்கிறாள். நாளை அவள் அவ்வீட்டுக்கு வரும்போது கதவைத் திறக்க வேண்டியவள் அந்த அண்ணியே. நல்லதங்காள் கதையின் அச்சத்துக்கு நம் முன்னோர் திருமண மேடையிலேயே வைத்த விடை அம்முடிச்சு என்று கொள்ளலாம்.

பண்டிகையைத் தள்ளிப் போடலாம். மடியில்லாமல் காது குத்த முடியாது. எனவே தாய்மாமன் அக்கரையில் இருந்த குடும்பங்களில், அதே ஊரிலிருந்து வந்தவரோ அதே கப்பலில் வந்தவரோ பக்கத்து வீட்டுக்காரரோ அண்ணன் முறையில் நின்றார். நின்றவர் பின்னர் நிலைத்த உறவானார். தாகூர் வங்காளத்தில் ஒரு நாளில் செய்ததைத் தோட்டத் தொழிலாளர் எவர் அழைப்புமின்றித் தம் வாழ்வில் செய்தனர்.

வயலில் விளைந்த சீருக்கு மாற்றாகக் கடையில் வாங்கிய சீர் வந்தது. அதன் முகவரிகளில் ஒன்று மஸ்ஜித் இந்தியா. 1863இல் இந்திய முஸ்லிம்களுக்காக எழுந்து, 1966இல் புதிதாகக் கட்டப்பட்ட பள்ளிவாசலின் பெயரையே அச்சாலை தாங்குகிறது. புடவையும் வேட்டியும் வளையலும் நகையும் பூவும் அங்கே நெருங்கிய கடைகளில் கிடைக்கின்றன. மாரியம்மனை வணங்கும் அண்ணன் தங்கை மகளுக்குச் சீர்ப்புடவை எடுக்க, தமிழ் முஸ்லிம் வணிகர் அதை விரித்துக் காட்டுவது அங்கே அன்றாடச் செய்தி. மாமன் சீர் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எத்தகைய புடவை, எத்தனை தட்டு என்பது அவ்வணிகருக்கு விளங்கிவிடும். சமயம் வேறாயினும் உறவுச் சொற்கள் இருவருக்கும் பொது.

இன்று நம் முன்னுள்ள இடர் இரண்டு. முதலாவது, சீர் தன் பொருளை இழந்து காட்சியாவது. தட்டுகளின் எண்ணிக்கை உயர்கிறது. கடன் வாங்கித் தட்டு நிரப்பும் மாமன்களும் உள்ளனர். மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம், முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மகன், மகள் என வேறுபாடு காட்டாமல் பங்கு தருகிறது. ஐம்பது தட்டுகளை ஏந்திய அண்ணன், தந்தையின் வீட்டில் தங்கைக்குள்ள பங்கை விட்டுக்கொடுக்குமாறு வற்புறுத்துவானாகில், அவன் ஏந்தியது சீர் அன்று. சட்டம் தரும் பங்கை மனமுவந்து கொடுப்பதே இக்காலத்தின் முதற்சீர்.

இரண்டாவது இடர் மொழி சார்ந்தது. அம்மான், அத்தை, நாத்தனார், கொழுந்தன், பிறந்தகம், புக்ககம் ஆகிய சொற்கள் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்ற இரண்டில் கரைந்து வருகின்றன. ‘அங்கிள்’ என்ற சொல்லுக்கு மடி தரும் கடமை இல்லை. சொல் போனால் அச்சொல் சுமந்த கடமையும் போகும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களைத் தம் பாட்டியிடமும் பாட்டனிடமும் அனுப்புங்கள். உங்களுக்குக் காது குத்தியபோது யார் மடியில் அமர்ந்தீர்கள், அவர் உங்களுக்கு என்ன முறை, அந்த உறவு எங்கே தொடங்கியது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். கப்பலேறி வந்த தலைமுறையில் எஞ்சியோர் மிகச் சிலரே. அவர்கள் கூறும் பெயர்கள் எந்தத் தோட்டப் பதிவேட்டிலும் இல்லை. அப்பெயர்களைத் திரட்டி எழுதினால், தமிழருக்கு உடன்பிறப்பு விழா உண்டா என்று கேட்ட மாணவர் அதற்கான விடையைத் தம் கையெழுத்திலேயே வைத்திருப்பார்.