தாய்ப் பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்கு

யூ.கே.ஜி. முடித்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்றால் ஒன்றாம் வகுப்பில் எப்படிச் சமாளிக்கும் என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். பள்ளிதான் பிள்ளைக்கு ஏற்பத் தயாராக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் இது பழைய சண்டை. நான் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் ஈடுபாடு உண்டு.

அங்கே முதலில் இருந்தவை ‘சால் தசீல்’, அதாவது அடைக்கல அறைகள். வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். படிக்கட்டு போன்ற மேடையில் சிறுவர்களை வரிசையாக உட்கார வைத்து, மரக்கட்டையைத் தட்டி எழு, உட்கார் என்று பழக்கினார்கள். 1881 ஆகஸ்டில் வந்த அரசாணை இவற்றை ‘எகோல் மாத்தெர்னெல்’, அதாவது தாய்ப் பள்ளி, என்று மாற்றியது. 2 வயது முதல் 7 வயது வரை சேரலாம். பெயரை மாற்றுவது சுலபம். மேடையை அகற்றுவதுதான் கஷ்டம். அதற்காகப் போராடியவர் பொலின் கெர்கோமார் அம்மையார். 1917 வரை தலைமை ஆய்வாளராக ஊர் ஊராகச் சென்று, இந்த வயதில் விளையாட்டுதான் குழந்தையின் வேலை, சிறு பள்ளியைப் பெரிய பள்ளியின் நகலாக்காதீர்கள் என்று வற்புறுத்தினார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாலமும் போட்டார்கள். 1886ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘கிளாஸ் ஆன்ஃபாந்தின்’ என்ற குழந்தை வகுப்பு இடம்பெற்றது. அதன் பிறகு வருவது ‘கூர் பிரெப்பராத்துவார்’, ஆயத்த வகுப்பு. முறையாகப் படிக்கக் கற்பது அங்கேதான். பழைய லிசேக்களில் அதற்குப் பெயர் பதினொன்றாம் வகுப்பு! மேலே போகப் போக எண் குறையும். எங்கள் தெருவில் இதை விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

நிற்க. ஐந்து வயதுப் பிள்ளை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது? 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, தாய்ப் பள்ளியின் கடைசி ஆண்டை ஆயத்த வகுப்போடும் அதற்கடுத்த வகுப்போடும் ஒரே கட்டமாகச் சேர்த்தார்கள். வாசல் அகலமாகட்டும் என்பது நோக்கம். ஆனால் கதவைத் திறந்தால் காற்று வலுவான பக்கத்திலிருந்துதான் அடிக்கும்; பாடப்பயிற்சித் தாள்கள் கீழே இறங்கிவிடும் என்ற அச்சம் எழுந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அந்த ஆண்டைத் தாய்ப் பள்ளிக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கெர்கோமார் அம்மையார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரையுள்ள ஐந்து ஆண்டுகளை ஒரே அடித்தள நிலை என்கிறது. ஒன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் மூன்று மாதம் விளையாட்டு வழி ஆயத்தம் என்ற ‘வித்யா பிரவேஷ்’ திட்டமும் 2021இல் வந்தது. நல்லதுதான். எனக்குள்ள கேள்வி ஒரு குமாஸ்தாவின் கேள்வி. பிரான்சில் இரண்டு பள்ளியும் ஒரே அமைச்சகம். தாய்ப் பள்ளி முடியும்போது பிள்ளைக்கு என்னென்ன வருகிறது என்று ஆசிரியை குறித்துக் கொடுக்கும் தாள் அடுத்த பள்ளிக்குப் போய்ச் சேருகிறது. இங்கே அங்கன்வாடி மகளிர், குழந்தைகள் நலத்துறையில். ஒன்றாம் வகுப்பு கல்வித்துறையில். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கோப்பு நகர எத்தனை நாளாகும் என்பதை மேசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்தத் தாளை யார் எழுதி, யார் வாங்கி வைப்பார்கள்?