சாமி ஊர்வலத்தில் பிறந்த உரிமை: கூட்டம் கூடுதலும் காவல் அதிகாரமும்

இந்தியாவில் பொதுக்கூட்ட உரிமையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் இந்த உரிமையின் சட்ட வரலாறு அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்பே, சென்னை மாகாணத்துச் சாமி ஊர்வலங்களில் தொடங்கிவிட்டது. மேளதாளத்தோடு மசூதியைக் கடந்து போகலாமா, தென்கலையார் வீதியில் வடகலையார் பாடிச் செல்லலாமா என்ற சண்டைகள்தாம் 'வீதி யாருக்குச் சொந்தம்' என்ற கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தன. அரசியல் மேடைகள் பின்னால் வந்தவை.

1882 ஆகஸ்டில் சேலத்தில் இந்து–முஸ்லிம் கலவரம் மூண்டது. பின்னாளில் காங்கிரஸ் தலைவரான விஜயராகவாச்சாரியாரே அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டு வெளியான 'சுந்தரம் செட்டி எதிர் அரசி' தீர்ப்பைப் படிக்கும்போது இந்தச் சூழலை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி டர்னர் வியப்பூட்டும் தெளிவோடு எழுதினார். அதிகாரம் உரிமையைக் காக்கவே முதலில் பயன்பட வேண்டும். அதை முடக்க அல்ல. ஊர்வலம் போனால் கலகம் வரும் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிகிறதென்றால், கலகம் செய்யப்போவது யார் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவர்களிடம் ஜாமீன் வாங்கட்டும். இதுதான் அவருடைய வாதத்தின் சாரம். போகிறவனைத் தடுப்பதா, கல்லெறியப்போகிறவனைத் தடுப்பதா? இந்தத் துறையின் மூலக்கேள்வி இதுவே. கிட்டத்தட்ட இதே சமயம் இங்கிலாந்திலும், சால்வேஷன் ஆர்மி ஊர்வலம் தொடர்பான வழக்கில், எதிராளி கலகம் செய்வான் என்பதற்காக அமைதியாகச் செல்பவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று தீர்ப்பானது.

ஆனால் சட்டப் புத்தகம் வேறு திசையில் வளர்ந்தது. 1861-இன் போலீஸ் சட்டம் 30-ஆம் பிரிவில் ஊர்வலங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஏற்கெனவே தந்திருந்தது. 1888-இன் சென்னை நகரக் காவல் சட்டம் 41-ஆம் பிரிவில் ஆணையருக்குத் தடைவிதிக்கும் அதிகாரத்தையும் சேர்த்தது. இவற்றுக்கு மேலே, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கூட்டம் கூடத் தடைவிதிக்கும், எல்லோர் வாயிலும் புழங்கும் '144'. புதிய சட்டத்தில் இதற்கு 2024 ஜூலை முதல் எண் 163. ஊரில் இன்னும் '144 போட்டாச்சு' என்றுதான் பேச்சு.

சென்னைத் தீர்ப்புகளின் பார்வையை, ஷியா–சுன்னி தகராறொன்றில் பிரிவி கவுன்சிலும் ஏற்றது. சுதந்திரத்துக்குப் பின் 1961-இல் பாபுலால் பராத்தே வழக்கில் 144 செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அவசரச் சூழலில்தான் அது பயன்படும் என்பதும், ஆணையை எதிர்த்து முறையிடும் வாய்ப்பும் அதற்குத் துணைநின்ற காரணங்கள். உண்மையான திருப்பம் 1972-இன் ஹிம்மத்லால் ஷா வழக்கு. அகமதாபாத்தில் பொதுக்கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்ட விவகாரம். எந்த அடிப்படையில் மறுக்கலாம் என்று சொல்லாமலே அனுமதி வழங்கும் அதிகாரத்தை அதிகாரியிடம் ஒப்படைத்த விதி செல்லாது என்றது ஐந்து நீதிபதிகள் அமர்வு. தெருவில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம். அடியோடு இல்லாமல் செய்ய முடியாது.

இந்த வேறுபாடு ஏட்டில் தெளிவாக இருக்கிறது, நடைமுறையில் கரைந்துவிடுகிறது. 41-ஆம் பிரிவின் கீழான தடை அரசின் ஒப்புதலின்றி 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. ஆகவே 15 நாளுக்கொரு முறை புதிய ஆணை வருகிறது. தற்காலிகமாக எண்ணப்பட்ட தடை நிரந்தரமாகிவிடுகிறது. அனுமதியின்றிக் கூடியவர்களை வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாப்பாடு கொடுத்து, மாலையில் விடுவது தமிழ்நாட்டில் சடங்காகிவிட்டது. வழக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அரசு ஆணையை மீறிய குற்றத்துக்காகக் காவல்துறை தானே முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அதிகாரியின் எழுத்துமூலப் புகார் வேண்டும் என்று 2018-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்து, அத்தகைய வழக்குகளை ரத்து செய்தது இந்தப் பின்னணியில்தான்.

காவல்துறையின் கவலை பொய்யென்று ஒதுக்கவும் முடியாது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டமொன்றின் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அங்கே தேவைப்பட்டது இன்னும் கூர்மையான ஒழுங்குபடுத்தல். ஆனால் ஒழுங்குபடுத்தல் வேறு, தடை வேறு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் 144 முந்தைய இரவே அமலுக்கு வந்திருந்தது. ஆயினும் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த கூட்டம் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். தடை ஆணை கூட்டத்தைக் கலைத்துவிடவில்லை. கூடியவர்களைச் சட்டவிரோதக் கும்பலாக மட்டும் மாற்றியது.

டர்னரின் கேள்வி 2022-இல் திரும்ப வந்தது. ஆர்.எஸ்.எஸ். அமைப்பு அக்டோபர் 2-இல் நடத்தக் கேட்ட ஊர்வலங்களுக்கு, சட்டம்–ஒழுங்கைக் காட்டிக் காவல்துறை மறுத்தது. தனி நீதிபதி முதலில் அனுமதித்து, பிறகு சுற்றுச்சுவருள்ள இடத்துக்குள் நடத்துமாறு கட்டுப்படுத்தினார். சுற்றுச்சுவருக்குள் நடப்பது ஊர்வலமா? இரு நீதிபதிகள் அமர்வு அந்த நிபந்தனையை நீக்கியது. அந்த அமைப்பின் கொள்கையை ஒருவர் முழுமையாக எதிர்க்கலாம். ஆனால் அரசின் மேல்முறையீட்டில், அரசு கொடுத்த பட்டியலில் பல வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் அவ்வமைப்பினரே என்று உச்ச நீதிமன்றம் சுட்டியதன் தருக்கம் 1883-இன் தருக்கம்தான். தீர்ப்பு வந்தது 2023 ஏப்ரல் 11-இல், கேட்ட தேதிக்கு ஆறு மாதம் கழித்து. ஓர் அமைப்புக்கு உச்ச நீதிமன்றம்வரை வழக்காடும் வசதி இருந்தது. நாளை மறுநாள் சம்பள பாக்கிக்காக ஆர்ப்பாட்டம் நடத்த நினைத்து, இன்று மாலை மறுப்புக் கடிதம் பெறும் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்துக்கு அது கிடையாது.