இல்லந்துச் சுரங்கமும் இரும்புப் பாதையும்

தென்னாட்டு நிலக்கரியின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் வில்லியம் கிங், நிஜாம் சமஸ்தானத்துக் கம்மம் பிரதேசத்தில் இல்லந்துக்கு அருகே கரிப்படுகையைக் கண்ட 1871-ஆம் ஆண்டையே சுரங்கத்தின் பிறந்த ஆண்டாகக் கொள்வர். ‘கிங் படுகை’ என அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் அப்படுகையிலிருந்து கரி வெட்டும் தொழில் தொடங்கியதோ 1889-இல். இடையே கழிந்த பதினெட்டு ஆண்டுகளுக்குக் காரணம் சொல்லாத சரித்திரம் குறையுடையது. சுரங்கத்தை ஈன்றது இரும்புப் பாதையே என்பது என் துணிபு.

கரி எங்கும் கிடைப்பதன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசற்காட்டில், எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில் கிணறு தோண்டுவோர் கரிசலையும் சுக்கானையும் கடந்தால் ஆதிகாலத்துப் பாறையையே சந்திப்பர். அதற்குக் கீழே எத்தனை ஆழம் போனாலும் நிலக்கரி இல்லை. கரி தாங்கும் கோண்ட்வானாப் படிவங்கள் பெரும்பாலும் தாமோதர், மகாநதி, கோதாவரி முதலிய நதிகளின் பள்ளத்தாக்குகளை ஒட்டிக் கிடக்கின்றன. ஆகவே தமிழ்நாட்டில் ரயில் வந்தபோது அதன் வயிற்றுக்கு விறகே பெரிதும் தீனியாயிற்று, காடுகள் அழிந்தன, சோழமண்டலக் கரையில் சவுக்குத் தோப்புகள் பரவியதற்கு ரயிலின் விறகுத் தேவை ஒரு முக்கிய காரணம். கரிசற்காட்டார் இன்றும் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டே மரக்கரி எடுக்கின்றனர். இத்தகைய நாட்டிலிருந்து நோக்குவோர்க்கு, கோதாவரிப் பள்ளத்தாக்கின் கரி பதினெட்டு ஆண்டுகள் மண்ணுக்குள்ளேயே கிடந்தது சிறிய விஷயமாகத் தோன்றாது.

கிங் தம் ஆராய்ச்சியை விரிவான நூலாகவும் 1881-இல் வெளியிட்டார். அறிவு குறைவுபடவில்லை, குறைவுபட்டது வழி. ஹைதராபாத்துக்கு வாடியிலிருந்து 1874-இல் பாதை வந்துவிட்டது. ஆனால் அது மேற்கே போன பாதை. கிழக்கே வாரங்கல் வழியாகப் பெஜவாடாவை இரும்புப் பாதை எட்டியது 1889-இல். டோர்ணகல்லிலிருந்து பிரிந்த கிளைப்பாதை சுரங்கத்தின் வாயிலுக்கே சென்றது. பாதை முடிந்த ஆண்டும் கரி வெளிவரத் தொடங்கிய ஆண்டும் ஒன்றாயிருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

படுகையைக் கண்டறியாமல் பாதை போட்டிருப்பார்களா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். படுகை தெரிந்தால் மட்டும் போதாது, பாதையும் வேண்டும் என்பதற்கு வரோராவே சான்று. வார்தாப் பள்ளத்தாக்கில், அதே கோண்ட்வானாப் படிவத்தில், ஆங்கில அரசாங்கம் தானே முதலிட்டு, கிங் இல்லந்தில் கரி கண்ட அதே 1871-இல் வரோராச் சுரங்கத்தைத் திறந்தது. வார்தாவிலிருந்து அதற்கென்றே ரயிலையும் கொண்டுவந்தது. ஜெர்மனியின் ரூர் நாட்டிலும் இதுவே முறை: ரூர் ஆற்றங்கரைச் சிறு சுரங்கங்கள் தம் கரியைப் படகுகளில் ஏற்றி வாழ்ந்திருந்தன, 1847-இல் கோல்ன்–மிண்டன் ரயில்பாதை ஆற்றுக்கு வடக்கே முற்றுப்பெற்றபின், பெருஞ்சுரங்கங்கள் அப்பாதையை நாடியே தோன்றின. கரி மண்ணின் கொடை; சுரங்கமோ சந்தையின் கொடை.

பாதைக்கும் சுரங்கத்துக்கும் வேண்டிய மூலதனம் வந்த வகைதான் இச்சரித்திரத்தின் இருண்ட பகுதி. ஹைதராபாத்துப் பாதையை மேலும் நீட்டுவதற்கான சாந்தா ரயில் திட்டத்தின் விவரங்களைப் பொதுமக்கள் முன் வைக்கும்படி 1883-இல் ஹைதராபாத்தில் கிளர்ச்சி எழுந்தது. சரோஜினி நாயுடுவின் தந்தையாரான அகோரநாத் சட்டோபாத்யாயர் அதன்பொருட்டே சமஸ்தானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். அவர் கேட்டது கணக்கு ஒன்றே. அதைக் குற்றமாகக் கொண்டதை எக்காலத்தும் மன்னிக்க இயலாது. 1886-இல் சமஸ்தானம் அளித்த சுரங்க உரிமையைக் கொண்டு லண்டனில் ஹைதராபாத் டெக்கான் கம்பெனி நிறுவப்பட்டது. அதன் பங்குகளில் மிகப் பெரும்பகுதியை உரிமை பெற்றவர்கள் பணம் செலுத்தாமலே தமக்கு ஒதுக்கிக்கொண்டு, லண்டன் சந்தையில் விற்று லாபம் கண்டனர். இவ்வூழல் வெளிப்பட்டு, 1888-இல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் விசாரணைக் குழு அதனை ஆராய்ந்தது. இல்லந்தில் ஒரு கூடைக் கரியேனும் வெளிவருமுன்பே அதன் பெயரால் செல்வம் கைமாறிவிட்டது என்பதை, உற்பத்திக் கணக்கை மட்டும் பார்ப்போர் அறியார்.

1920-இல் சிங்கரேணி காலரீஸ் கம்பெனி என்னும் புதிய ஸ்தாபனம் டெக்கான் கம்பெனியின் அவ்வுரிமைகளை ஏற்றது. 1945-இல் நிஜாம் அரசாங்கம் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியபோது, 1886-இல் தானே எடுத்துக் கொடுத்ததை விலை கொடுத்து மீட்டுக்கொண்டது.