லொரேட்டோ பகல்நேரப் பள்ளி, சியால்தா

கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பெண்கள் பள்ளி. சுற்றுப்புறச் சமூகத்தை மாணவியரின் கற்றல் களமாக்கியதால் அறியப்பட்டது. அயர்லாந்தில் பிறந்து 1956இல் இந்தியா வந்த சகோதரி சிரில் மூனி (1936–2023) 1979இல் இதன் முதல்வரானார். கட்டணம் செலுத்த இயலாத மாணவியரைப் பெருமளவில் சேர்த்தார்.

1985இல் தொடங்கிய ‘ரெயின்போ’ திட்டத்தில், தெருவோரச் சிறுமியர் பள்ளிக்கு வந்தனர். மாணவியர் தம் பாடவேளையிலேயே அவர்களுக்குத் தனித்தனியாக எழுத்தும் கணக்கும் கற்பித்தனர். குழந்தை எப்போது வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வயதுக்கேற்ற நிலை எட்டியதும் முறையான வகுப்பில் சேரலாம். பள்ளியின் மற்றொரு பணியான கிராமத் திட்டத்தில் மாணவியர் நகருக்கு வெளியே உள்ள ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்று கற்பித்தனர். வறுமை, இடப்பெயர்வு, குழந்தை உழைப்பு ஆகியவற்றை அவர்கள் நேரில் அறிந்துகொள்ள இப்பணி வழிசெய்தது.

சமூகத்தோடு இணைந்த இத்தகைய கல்விக்கு வங்கத்தில் முன்னோடி, கிராம வாழ்வையும் கைத்தொழிலையும் கல்வியோடு இணைக்க ரவீந்திரநாத் தாகூர் 1924இல் தொடங்கிய சிக்ஷா சத்ரா பள்ளி. சகோதரி சிரில் 2007இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.