புரதத்துக்கும் ஒரு பேரேடு

மூன்று மாதச் சர்க்கரை என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, ஹெச்பிஏ1சி பரிசோதனை, அது எதைக் கணக்கிடுகிறது? ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின்மேல் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. எத்தனை சதவீதத்தில் ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆகவே இரண்டு மூன்று மாதத்துக் கணக்கு அதில் தெரிந்துவிடுகிறது. நீரிழிவுக்காரர் ரத்தத்தில் இந்த மாறிய ஹீமோகுளோபினை 1968-ல் கண்டறிந்தவர் ஈரான் நாட்டு சாமுவேல் ராபர்.

புரதம் உருவான பின் அதற்கு நேரும் இத்தகைய மாற்றங்கள் பல. சர்க்கரை தானாக ஒட்டுகிறது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நொதிகளே ஒட்டுகின்றன, கழற்றுகின்றன. தசையிலுள்ள ஒரு நொதி பாஸ்பேட் ஏறினால் வேலை தொடங்குவதையும், இறங்கினால் அடங்குவதையும் 1955-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் சியாட்டிலில் எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்சும் காட்டினார்கள். அதற்கு 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை மாற்றங்களையும் யார் குறித்து வைப்பது? நான் வியாபாரி. என் புத்தி பேரேட்டுக்குத்தான் போகும். புரதங்களுக்கான முதல் பேரேட்டை 1965-ல் அச்சிட்டவர் மார்கரெட் டேஹாப் அம்மையார். அதில் இருந்தவை 65 புரதங்கள். அடுத்து 1986-ல் ஜெனீவாவில் அமோஸ் பைரோக் ஸ்விஸ்-புராட் என்ற தொகுப்பைத் தொடங்கினார். எந்தப் புரதம், எத்தனையாவது அமினோ அமிலம், அதில் என்ன ஏறியது, யார் எந்தக் கட்டுரையில் சொன்னார்கள் என்று வரிசையாக எழுதினார்கள். சோதனையில் கண்டது வேறு, இன்னொரு புரதத்தைப் பார்த்து ஊகித்தது வேறு என்று பிரித்தும் காட்டினார்கள். சீட்டு இல்லாத வரவை நாம் ஏற்போமா? அதே நியாயம்தான் இங்கும்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூரிலுள்ள இன்ஸ்டிடியூட் ஆப் பயோஇன்பர்மேடிக்ஸ், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அறிஞர் அகிலேஷ் பாண்டேயுடன் சேர்ந்து 2003-ல் ஹெச்பிஆர்டி என்ற மனிதப் புரதத் தொகுப்பை வெளியிட்டது. உயிரியல் படித்தவர்கள் கட்டுரை கட்டுரையாக வாசித்துக் கையால் சேர்த்த கணக்கு அது. அதன் 9-ஆம் பதிப்பில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருந்தன.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். 2020-ல் கொரோனா கிருமி புகுந்த செல்களில் எந்தெந்த இடத்தில் பாஸ்பேட் ஏறியது, இறங்கியது என்று விஞ்ஞானிகள் அளந்தார்கள். ஆயிரக்கணக்கான இடங்கள்! எந்த நொதி எந்த இடத்தில் பாஸ்பேட்டை ஏற்றும் என்று பிறர் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கைப் புரட்டித்தான் கிருமி எந்த நொதிகளைத் தூண்டிவிட்டது என்று கண்டு, அவற்றைத் தடுக்கும் மருந்துகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். கணக்கு இல்லையென்றால் அளந்ததெல்லாம் வெறும் எண்தான்.

வருத்தமான சங்கதி ஒன்றும் சொல்லணும். புதியது கண்டுபிடிக்கப் பணம் கிடைத்துவிடும். கண்டதை எழுதி வைப்பவருக்குக் கிடைப்பது அரிது. 1996-ல் ஸ்விஸ்-புராட்டே பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. உலகெங்கும் விஞ்ஞானிகள் குரல் கொடுத்த பிறகே பிழைத்தது. 1998-ல் சுவிட்சர்லாந்தில் அதற்கென்று ஒரு நிறுவனமும் எழுந்தது. நம் பெங்களூர்த் தொகுப்பின் 9-ஆம் பதிப்பு 2010-ல் வந்தது. அதுவே கடைசி.

பழைய கணக்கு பொய்யாகிவிடாது. ஆனால் நேற்றைய சிட்டை ஏறாத பேரேட்டை நம்பி இன்று யாரும் கடன் கொடுப்பதில்லை. நம் பிள்ளைகள் பலர் உயிரியலும் கம்ப்யூட்டரும் படிக்கிறார்கள். கண்டுபிடிப்பவர்தான் விஞ்ஞானி என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். பிழையில்லாமல் பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுப்பவரும் விஞ்ஞானியே. அந்த வேலைக்கு ஆளும் வேண்டும், சம்பளமும் வேண்டும்.