கிரேக்கப் பூதங்களும் ஏழு வயசுக் கைகளும்

இங்கிலாந்தில் பல ஆரம்பப் பள்ளிக்கூடச் சுவர்களில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மெடூஸா வந்து உட்கார்ந்துவிடுவாள். காகிதத் தட்டுதான் முகம், தலைமுடிக்குப் பதிலாகப் பச்சைக் காகிதப் பாம்புகள். பக்கத்தில் ஆரஞ்சுத் தாளை ஜாடி மாதிரி வெட்டி, அதில் கறுப்பு வண்ணத்தில் சண்டை போடும் வீரர்கள். கொஞ்சம் தள்ளி, காளைத் தலையோடு மினோட்டார். சில மினோட்டார்கள் கறவை மாடு மாதிரி சாதுவாக இருக்கும், அது வேற விஷயம் :)

காரணம் ரொம்ப சிம்பிள். அங்கே 1988 கல்விச் சட்டத்தை ஒட்டி வந்த தேசியப் பாடத்திட்டத்தில், 1991 முதல் 7 - 11 வயசுப் பிள்ளைகளுக்கு வரலாற்றில் பண்டைய கிரேக்கம் உண்டு. 2014ல் புதுப் பாடத்திட்டம் வந்தபோதும் அதற்கு ஆபத்து வரவில்லை. பாடத்திட்டம் என்னவோ கிரேக்கர்களின் வாழ்க்கை, சாதனை என்றுதான் சொல்கிறது. ஆனால் எட்டு வயசுப் பொடியனிடம் ஜனநாயகத்தைப் பற்றி ஆரம்பித்தால் கொட்டாவி விடுவான். அதனால் வாத்தியார்கள் கதை வழியாக உள்ளே போகிறார்கள், கதை முடிந்ததும் தூரிகையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கிரீஸ் நாட்டிலேயே மூன்றாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் ஹெராக்ளிஸ், தீசியஸ், டிராய் யுத்தம் என்று புராணமாகத்தான் இருக்கிறது. "புராணத்திலிருந்து வரலாற்றுக்கு" என்பதுதான் அந்தப் புத்தகத்தின் தலைப்பே.

"இதெல்லாம் சும்மா கைவேலைங்க, பீரியடை ஓட்டுறதுக்கு" என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. பிள்ளைகள் இந்தக் கதைகளில் கை வைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. நடுவில் ஒரு நூற்றாண்டு, அதே கிரேக்கத்தை வைத்தே பிள்ளைகளின் கையைக் கட்டிப்போட்ட கூத்தும் நடந்திருக்கிறது.

ஏதென்ஸ் சிறுமிகள்

பழைய ஏதென்ஸில் பனதினையா என்று ஒரு பெரிய திருவிழா. ஊர்த் தெய்வமான ஏதீனாவுக்குப் புதுப் புடவை சாத்துகிற மாதிரி, பெப்லோஸ் என்ற நெய்த ஆடையை ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதில் சும்மா பூ டிசைன் இல்லை. தேவர்களுக்கும் ராட்சதர்களுக்கும் நடந்த யுத்தமே நெய்யப்பட்டிருக்கும்.

இந்த நெசவை ஒன்பது மாசத்துக்கு முன்னால், தறி பூட்டும் நாளில் தொடங்கி வைத்தவர்கள் யார் தெரியுமா? அர்ரிஃபோரோய் என்று அழைக்கப்பட்ட சிறுமிகள். நல்ல குடும்பங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, அக்ரோபோலிஸ் குன்றின் மேலேயே தங்க வைப்பார்கள். பந்து விளையாட அவர்களுக்கென்று தனி இடம்கூட இருந்தது. அவர்கள் வயது? ஏழிலிருந்து பதினொன்று என்று பிற்காலக் கிரேக்க அகராதி ஒன்று சொல்கிறது.

ஏழிலிருந்து பதினொன்று! இங்கிலாந்துப் பாடத்திட்டம் கிரேக்கத்தை வைத்திருக்கும் அதே வயசு. யாரும் திட்டம் போட்டுச் செய்த பொருத்தம் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் படிக்கும்போது ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். பெரும்பகுதி நெசவைச் செய்தவர்கள் கொஞ்சம் பெரிய பெண்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முதல் இழையைச் சின்னக் கைதான் போட வேண்டும் என்று ஒரு ஊரே நினைத்திருக்கிறது பாருங்கள்.

பார்த்தினான் கோயிலின் கிழக்குப் பக்கச் சிற்பத்தில் ஒரு குழந்தையும் ஒரு பெரியவரும் துணி ஒன்றை மடித்துப் பிடித்திருப்பார்கள். அது இந்தப் பெப்லோஸ்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. அந்தக் குழந்தை பெண்ணா பையனா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கல் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

பிளேட்டோவின் கவலை

இதெல்லாம் பிடிக்காத ஆளும் அதே ஊரில் இருந்தார். பிளேட்டோ. "குடியரசு" நூலில், பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நீளமாகப் பேசுகிறார். பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய குரோனஸ் கதை கூடாது. தேவ ராட்சத யுத்தத்தைச் சொல்லவும் கூடாது, துணியில் சித்திரமாகப் போடவும் கூடாது. அந்தத் துணி மேட்டரை எழுதும்போது அவர் மனசில் பெப்லோஸ் இருந்திருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம்.

அவர் காரணம் லேசுப்பட்டதில்லை. கதைக்குள் இருக்கும் உட்பொருள் எது, மேல்பூச்சு எது என்று குழந்தைக்குப் பிரிக்கத் தெரியாது, அந்த வயசில் மனசில் விழுந்தது லேசில் அழியாது என்கிறார். இன்றைக்கும் டீச்சர்கள் இந்தக் கதைகளைக் கத்தரி போட்டுத்தான் சொல்கிறார்கள். குரோனஸ் பல வகுப்புகளில் பாதிதான் விழுங்குகிறார் :)

ஆனால் பயங்கரத்தைப் பிள்ளைகளிடமிருந்து முழுசாக ஒளித்துவைக்க முடியுமா? இங்கேதான் எலூசிஸ் ஜாடி ஞாபகத்துக்கு வருகிறது.

எலூசிஸ் ஜாடி

ஏதென்ஸுக்குப் பக்கத்து ஊர் எலூசிஸ். அங்கே 1954ல் ஒரு பெரிய மண்ஜாடி கிடைத்தது. உயரம் 1.42 மீட்டர். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. கழுத்தில் ஒடிஸியஸும் கூட்டாளிகளும் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் கண்ணில் கழியைச் செருகுகிறார்கள். வயிற்றுப் பகுதியில், மெடூஸாவைக் கொன்றுவிட்டு ஓடும் பெர்சியஸை அவளுடைய சகோதரிகள் துரத்துகிறார்கள்.

அந்தச் சகோதரிகளின் முகத்தைப் பார்க்கணுமே! அண்டாவுக்குக் கண்ணும் பல்லும் வைத்து, சுற்றிலும் பாம்பு முளைத்த மாதிரி இருக்கும். ஏனென்றால் மெடூஸா வகையறா இப்படித்தான் இருப்பார்கள் என்று அப்போது இன்னும் முடிவாகவில்லை. பாரிஸ் லூவர் மியூசியத்தில் கிட்டத்தட்ட அதே காலத்து ஜாடி ஒன்று இருக்கிறது, அதில் மெடூஸாவுக்குக் குதிரை உடம்பு! கதை எல்லோருக்கும் தெரியும், உருவம் யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு யோசித்து வரைந்திருக்கிறார்கள்.

எலூசிஸ் ஜாடிக்குள்ளே என்ன இருந்தது? பத்து வயசு மதிக்கத்தக்க ஒரு பையனின் எலும்புகள். அந்த ஜாடிதான் அவனுக்குச் சவப்பெட்டி. செத்துப்போன பிள்ளையை, இத்தனை பூதங்கள் ஓடும் ஜாடிக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். காவலுக்கா, அவனுக்குப் பிடித்த கதை என்றா, கையில் கிடைத்த ஜாடி அதுதான் என்றா, எதுவாகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பயங்கரத்துக்கும் பத்து வயசுக்கும் நடுவில் அவர்கள் சுவர் கட்டவில்லை.

பிளாஸ்டர் கிரேக்கம்

இங்கிருந்து 2500 வருஷம் தாண்டி விக்டோரியா காலத்து இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே ஓவியப் படிப்பு லண்டன் சவுத் கென்சிங்டனில் ஹென்றி கோல் என்பவரின் ஆளுகையில் இருந்தது. மொத்தம் 23 படிகள் கொண்ட பாடத்திட்டம். முதலில் கோடு, அப்புறம் வளைவு, அப்புறம் அச்சடித்த அலங்கார வடிவங்களைப் பார்த்துப் பிசகாமல் வரைதல். மேல்படிக்குப் போனால் கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கீழ்ப்படிகளின் கோடும் வளைவும்தான். சொந்தமாக யோசித்து ஏதாவது போட்டால் அது தப்பு. இந்த முறை கப்பலேறி மதராஸ், கல்கத்தா, பம்பாய் ஓவியப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது.

எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். மெடூஸாவுக்குக் குதிரை உடம்பு வைத்த ஆட்களின் கலையை, மூக்கு இத்தனை அளவு, தாடை இத்தனை அளவு என்று சட்டமாக்கிவிட்டார்கள்.

கட்டை அவிழ்த்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிஷெக், 1897லிருந்து பிள்ளைகளுக்கென்றே ஓவிய வகுப்பு நடத்தி, அவர்கள் இஷ்டத்துக்கு வரையவிட்டார். இங்கிலாந்தின் டட்லி நகரில் மேரியன் ரிச்சர்ட்சன் என்ற டீச்சர் 1912ல் வேலைக்குச் சேர்ந்தார். அவர் முறை ரொம்ப எளிது. பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்வார், ஒரு காட்சியை வாயாலேயே விவரிப்பார், மனசில் தெரிந்ததை அவர்கள் வரைவார்கள். பார்த்து வரைய எதிரில் எதுவுமே இருக்காது! 1917ல் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை இந்தப் பிள்ளைகளின் படங்களை லண்டனில் கண்காட்சியாகவே வைத்தார். அந்தப் பெண்கள் கொஞ்சம் பெரிய வகுப்புதான். ஆனால் 1930ல் ரிச்சர்ட்சன் லண்டன் மாநகரப் பள்ளிகளுக்கு ஓவிய ஆய்வாளரானார், அவருடைய பாணி சின்ன வகுப்புகளுக்கும் இறங்கியது. இன்றைக்கு ஒரு டீச்சர் மினோட்டார் கதையைச் சொல்லி முடித்து "இப்ப நீங்க வரைங்க" என்கிறாரே, அதற்குப் பின்னால் இந்த அம்மாவும் இருக்கிறார்.

சுரண்டினால் ஓவியம்

வகுப்பில் பிள்ளைகள் செய்யும் ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தாள் முழுக்க ஆரஞ்சு கிரேயான் பூசி, அதன்மேல் கறுப்பு வண்ணம் அடித்து, காய்ந்ததும் குச்சியால் சுரண்டுவார்கள். உள்ளே இருக்கும் ஆரஞ்சு கோடாக வெளியே வரும். கி.மு. 6ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் குயவர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள். ஜாடியின் அதே களிமண்ணை நன்றாக வடிகட்டிய குழம்பால் உருவத்தைத் தீட்டி, கண், தாடி, கவசம் எல்லாவற்றையும் கூரான ஊசியால் கீறுவார்கள். சூளையில் காற்றைத் திறந்து, அடைத்து, மறுபடி திறந்து மூன்று கட்டமாகச் சுட்டால் குழம்பு கறுப்பாகும், மண் சிவப்பாகும்.

இதில் பெரிய கை எக்ஸீகியாஸ். வாட்டிகனில் இருக்கும் அவருடைய ஜாடியில் அகிலீஸும் அஜாக்ஸும் யுத்தத்துக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து விளையாடுகிறார்கள். ஒருத்தர் வாயருகே "நாலு", இன்னொருத்தர் வாயருகே "மூணு". அழகு என்னவென்றால், ஹோமரில் இந்தக் காட்சியே கிடையாது! போர்வீரர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்வார்கள் என்பது ஒரு எட்டு வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வி இல்லையா?

இப்போது ஆபத்து வேறு ரூபத்தில் வருகிறது. இணையத்தில் ரெடிமேட் மெடூஸா அவுட்லைன் கொட்டிக் கிடக்கிறது. பிரிண்ட் எடுத்து, முப்பது பேருக்குக் கொடுத்து, கோட்டைத் தாண்டாமல் வண்ணம் அடிக்கச் சொன்னால் வேலை முடிந்தது. டீச்சர்களுக்கு ஆயிரம் வேலை, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாள் சாட்சாத் பழைய பிளாஸ்டர் சிலையேதான், எடைதான் கம்மி.

அதனால் வீட்டில் வாண்டுகள் வைத்திருக்கும் நண்பர்களே, ஒன்று செய்து பாருங்கள். மினோட்டார் கதையை மட்டும் சொல்லுங்கள், படத்தைக் காட்டாதீர்கள். கொம்பு எந்தப் பக்கம், வால் உண்டா, அந்த இருட்டில் அது தனியாக என்ன செய்துகொண்டிருந்தது என்றெல்லாம் அவர்களே முடிவு பண்ணட்டும். கறவை மாடு மாதிரி வந்தாலும் திருத்தாதீர்கள். நாம் மட்டும் பார்த்திருக்கிறோமா என்ன?