கருப்பட்டிக்கு ஏன் இந்த விலை?

போன மாசம் சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பாய், கூடை, மண்பானைக் கடைகளைத் தாண்டினா தின்பண்ட வரிசை. எல்லாக் கடையிலும் ருசி பார்க்க ஒரு துணுக்கு கையில் வைக்கிறாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், உடன்குடி கருப்பட்டி. மூணுமே புவிசார் குறியீடு வாங்கினது. 2019, 2020, 2023-னு வரிசையா கிடைச்சது.

"எல்லாம் ஆதிகாலத்துப் பண்டம்"னு பக்கத்துல ஒருத்தர் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கிட்டு இருந்தார். அப்படி மொத்தமாச் சொல்லிற முடியாது. கடலைமிட்டாயில் இருக்கிற வேர்க்கடலையே தென் அமெரிக்காவில் இருந்து கப்பலேறி வந்த பயிர். அதுல பழசு எதுன்னா பனைதான். கருப்பட்டியைக் கடிச்சுப் பார்த்த அவரே, "நல்லாத்தான் இருக்கு, ஆனா சீனியைவிட இத்தனை மடங்கு விலையா?"ன்னும் கேட்டார். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்க ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், செம்மணல் தேரி. மழை பொய்ச்சாலும் பனை நிக்கும். விதை போட்டா பாளை விட 15, 20 வருஷம் ஆகும். அதுக்கு அப்புறம் பனையேறி தினம் காலையும் சாயங்காலமும் ஏறணும். பாளையைக் கடிப்பால் இடுக்கி, பதமா நசுக்கி, நுனியை மெல்லிசாச் சீவி, கலயம் கட்டணும். ஒருநாள் சீவாட்டி ஊறல் நின்னுரும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி இருந்தா இறங்குறது பதநீர், எங்க பேச்சுல பதனி. சுண்ணாம்பு இல்லைன்னா அதுவே புளிச்சுக் கள்.

இறக்கின பதனியை விடிலியில் பொம்பளைங்க காய்ச்சுவாங்க. காய்ஞ்ச ஓலை, மட்டை, உடைமுள்தான் விறகு. பொங்கி வழியாம இருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவாங்க. பாகு இறுகினதும் சிரட்டையில் ஊத்தி ஆற விடணும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு சுமாரா 8 முதல் 10 லிட்டர் பதனி வேணும்.

இந்தத் தொழில் மேல அரசாங்கத்துக்கு எப்பவும் ஒரு கண் உண்டு. பல்லவர் செப்பேடுகளில் ஈழப்பூட்சின்னு மரமேறிகள் மேல ஒரு வரி வருது. சோழர் காலச் செப்பேடுகள் சிலதுல, தானமாக் கொடுத்த ஊரில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாதுன்னு நிபந்தனையே இருக்கு. எங்களுக்கு மேற்கே திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில், ஏறுற ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டுற தளைக்குத் தளைக்காணம். வேலை செய்யற சாமானுக்கே வரி!

1937-ல் ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ சேலம் ஜில்லாவில் முதல்ல மதுவிலக்கு வந்தது. 1948-ல் மாகாணம் முழுக்க. கள் போனா பனையேறி எப்படிப் பிழைப்பான்? அதுக்கு காந்தி சொன்ன வழி பனைவெல்லம். நம்ம தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா நடத்தின கிராமக் கைத்தொழில் சங்கமும் அதை ஊர் ஊரா எடுத்துட்டுப் போச்சு. அப்புறம் 1971-ல் கடை திறந்தாங்க. 1973, 74-ல் படிப்படியா மூடினாங்க. 1981-ல் மறுபடி திறந்தாங்க. 1987-ல் மூடின கள்ளுக்கடை இன்னைக்கு வரைக்கும் மூடித்தான் கிடக்கு.

இத்தனையிலும் மரத்து மேல இருந்தவன் நிலைமையை யோசிங்க. ஒரே மரம், ஒரே பாளை. கலயத்தில் சுண்ணாம்பு இருந்தா தொழிலாளி, இல்லாட்டி குற்றவாளி. இந்தப் பயத்தோட, மேல இருந்து விழுந்தா என்ன ஆகும்ங்கிற பயமும் சேர்ந்தா எந்தத் தகப்பன் மகனை ஏறச் சொல்லுவான்? எங்க தெருவில் அப்பா காலத்தில் வீட்டுக்கு ஒருத்தர் ஏறினாங்க. இப்போ தெருவுக்கே ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டியாச்சு.

1978-ல் பனையை மாநில மரமா அறிவிச்சாங்க. கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக்கூடாதுன்னு 2021 வேளாண் பட்ஜெட்டில் சொன்னாங்க. நல்லதுதான். மரத்துக்குக் காவல் வந்திருச்சு, ஏறுற ஆளுக்கு இன்னும் வரல.

இப்போ விலைக் கணக்கை நீங்களே போடுங்க. 10 லிட்டர் பதனி, ரெண்டு வேளை ஏற்றம், விறகு, அடுப்படியில் ஒரு பொம்பளையோட பகல். சீனி விலையை ஒட்டி ஒரு கருப்பட்டி கிடைச்சா, அதுக்குள்ள இருக்கிறது சீனிதான், வேற மாயம் கிடையாது. அந்தக் கலப்படம் ஒவ்வொரு கிலோ விக்கும்போதும் நிஜமா ஏறுறவன் கூலியை இழக்கிறான். வாங்கும்போது எந்த ஊர், யார் ஏறினது, இந்தப் பருவத்துச் சரக்கான்னு கேளுங்க. பதில் சொல்ல முடிஞ்ச கடையில் பேரம் பேசாம வாங்குங்க. கால் கிலோ வாங்கினாலும் போதும், அது நிஜமா இருக்கட்டும்.